தார் ஏரிக்கு எந்தச் செருப்பு?

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐந்து வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, கல்யாணமாகி அவரோடு வந்தவள். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டியவர். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் சிவப்புக் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கனமான தோல் பூட்ஸோடு தடதடவென்று வாசல்படி இறங்குவார். அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். பேட்டையில் இருந்த மலைநடைச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மழையோ பனியோ, வாரம் தவறாமல் இருபது முப்பது பேர் கூட்டமாகக் கிளம்பி, ஊரை ஒட்டிய கருங்காடு என்ற மலைப்பகுதியில் பாடிக்கொண்டே நடந்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவார்கள்.

ஒரு செப்டம்பரில் அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரே வீட்டில் இருக்கிறோம், நாலு படி ஏறி வந்து கேட்டிருக்கலாம். ஆனால் சங்கத்து விஷயம் என்பதால் தட்டச்சு செய்து, உறையில் போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்பியிருந்தார். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். சங்கத்தின் ஆண்டு நிறைவைக் கொண்டாட உறுப்பினர்கள் வரும் பிப்ரவரியில் விமானத்தில் வெஸ்ட் இண்டியன் செல்லவிருக்கிறார்கள். அங்கே திறந்தவெளியில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி நீங்கள் ஸ்லைடு படங்களோடு ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டிருந்தது.

ஜெர்மன் மொழியில் இண்டியன் என்றால் இந்தியா. வெஸ்ட் என்றால் மேற்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"பம்பாய்ப் பக்கம் போறாங்க போல" என்றார் என் கணவர்.

"நான் பம்பாயைப் பார்த்ததே இல்லையேங்க. ஏர்போர்ட்டுக்குப் போற வழியில டாக்ஸியில இருந்து பார்த்ததுதான்."

"அதனால என்ன? நீ ஜியாக்ரஃபி டீச்சர்தானே. அட்லஸ் பார்த்துப் பாடம் எடுத்தப்ப எல்லா ஊருக்கும் போயிட்டா வந்தே?"

வந்த நாளிலிருந்து நான் சமையலறைக்கும் காய்கறிச் சந்தைக்கும் நடுவே மட்டுமே நடமாடிக்கொண்டிருந்தேன். ஒருவர் என்னை டீச்சராக நினைத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. முடியாது என்று சொல்ல மனசே வரவில்லை. என் கணவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு மராத்திக்காரர் இருந்தார். அவரிடம் எலிஃபண்டா குகை, அஜந்தா, மஹாபலேஷ்வர், கோவா கடற்கரை என்று ஒரு பெட்டி நிறைய ஸ்லைடுகள் இருந்தன. இரவல் வாங்கினேன். ஒரு மாதம் உட்கார்ந்து பதினான்கு பக்கம் ஜெர்மனில் எழுதினேன். தக்காணப் பீடபூமி, பருவமழை, கருமண் எதையும் விடவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓர் உணவகத்தின் பின்பக்கக் கூடத்தில் கூட்டம். காப்பியும் பிளம்ஸ் கேக்கும் வைத்திருந்தார்கள். முப்பது பேர் இருக்கலாம். எல்லோரும் தலை நரைத்தவர்கள், எல்லோருடைய கையிலும் நோட்டுப் புத்தகம். நான் மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். திரைச்சீலையை இழுத்து மூடி விளக்கை அணைத்தார்கள். என் கணவர் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றார்.

எலிஃபண்டாவின் மூன்று முகச் சிவன் திரையில் வந்ததும் கூடம் அமைதியானது. என் ஜெர்மனைக் கேட்டு வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அஜந்தா வந்தது. பிறகு மஹாபலேஷ்வரின் பள்ளத்தாக்கு. அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கினார்.

"மன்னிக்கணும். பவளப் பாறைக்கு அடியில கண்ணாடி போட்ட படகுல போவாங்களாமே, அது எப்ப வரும்?"

"பம்பாய் அருகில் பவளப் பாறை கிடையாது" என்றேன் தெளிவாக.

இன்னொரு அம்மாள் கேட்டார். "அந்த சிவப்புப் பறவைகள்?"

"பூநாரையைச் சொல்கிறீர்களா? அவை கட்ச் பகுதியில் வரும்."

மூன்றாவதாகச் சங்கத் தலைவர் எழுந்தார். ஓய்வு பெற்ற வனத்துறை அதிகாரி, வெள்ளைத் தாடிக்காரர். "தார் ஏரிக்கு எங்களை எந்தக் கிழமை அழைத்துப் போவார்கள் என்று தெரியுமா? அதில் நடக்கலாம் என்கிறார்களே?"

அவர் ஜெர்மனில் 'டேர்' என்றதை ராஜஸ்தானின் தார் என்று எடுத்துக்கொண்டு, இந்தியாவில் தார் பாலைவனம் இருக்கிறது, தார் ஏரி கிடையாது என்று நான் விளக்கத் தொடங்கினேன். அதே நேரம் இருட்டில் என் கணவர் தலையில் கை வைத்துக்கொள்வதைப் பார்த்தேன்.

"ஐயோ" என்றார் தமிழில். "வெஸ்ட் இண்டீஸ்! கிரிக்கெட் டீம் இருக்கே, அந்த வெஸ்ட் இண்டீஸ்!"

விளக்கைப் போட்டார்கள். தலைவர் மூலையிலிருந்த ஒரு நீளச் சுருளை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். நீலக் கடல், அதில் வில்லாக வளைந்து சிதறிய தீவுகள். எல்லாவற்றுக்கும் கீழே, தென் அமெரிக்காவை உரசுவது போல டிரினிடாட். அதன்மேல் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. ஜெர்மன்காரர்கள் அந்தத் தீவுகளையும் வெஸ்ட் இண்டியன் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு, அந்தத் தீவுகளில் இறங்கி, இதுதான் இந்தியா என்று சொன்ன மாலுமியைப் பற்றி நான் ஐந்து வருடம் பாடம் நடத்தியவள். ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் பெண்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இப்போது பட்டுப்புடவையோடு அங்கேயே புதைந்துபோகலாம் போல இருந்தது. முதலில் சிரித்தது வீட்டுக்காரம்மாதான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயணக் கையேட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். அந்தத் தீவில் எடுத்த படம். சேலை கட்டிய பெண்கள், கொடி பறக்கும் ஒரு சின்னக் கோயில்.

"இதைப் பார்த்துத்தான் நீங்க அந்தப் பக்கத்து ஆள்னு நினைச்சேன். தப்பு என்னோடதுதான்" என்றார்.

"இல்லை, என்னோடது" என்றேன். இருவரும் மாறி மாறிப் பழியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். தலைவர் கரண்டியால் காப்பிக் கோப்பையைத் தட்டினார். "மிச்சப் படங்களையும் போடுங்கள். வந்ததற்கு மேற்கு இந்தியாவையும் பார்த்துவிடுவோம்." கோவா வரைக்கும் முழுவதும் பார்த்தார்கள். கருமண்ணைப் பற்றிக் கேள்விகூடக் கேட்டார்கள். கிளம்பும்போது நான் தலைவரிடம் சொன்னேன்: "ஜனவரியில் திரும்ப வருவேன். சரியான தீவைப் பற்றிப் பேசுவேன்."

டிராமில் வரும்போது, ஏன் வாயை விட்டோம் என்று கவலை பிடித்துக்கொண்டது. என் கணவர்தான் ஞாபகப்படுத்திச் சொன்னார்.

"ரோடு இன்ஸ்டிட்யூட்ல ஒருத்தர் இருக்கார். கேன்டீன்ல பார்ப்பேன். முகத்தைப் பார்த்தா நம்ம தஞ்சாவூர்க்காரர்னு தோணும். ஹலோ சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது, டிரினிடாட்."

"சாப்பிடக் கூப்பிடுங்க."

"எப்ப?"

"நாளைக்கே கூப்பிடுங்களேன்."

அந்த டிரினிடாட்காரர் அடுத்த ஞாயிறு வந்தார். முப்பது வயது இருக்கும், உயரமானவர். அவர் பேசிய ஆங்கிலம் பாட்டு மாதிரி ஏறி இறங்கியது, எனக்குப் பாதி புரியவில்லை. கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் மூக்கை உறிஞ்சினார்.

"காரப்புலே!" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து, ரசத்துக்குத் தாளித்து வைத்திருந்த கரண்டியைக் காட்டினார். ஊரிலிருந்து பார்சலில் வந்த காய்ந்த கறிவேப்பிலை அதில் பொரிந்து கிடந்தது.

"கறிவேப்பிலையா?"

"அதேதான். காரப்புலே. எங்கள் வீட்டுப் பின்பக்கம் பெரிய மரமே இருக்கிறது."

அவருடைய கொள்ளுத்தாத்தா மதராஸில் கப்பல் ஏறிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவராம். எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான், அதுவும் தமிழ் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். மூன்று பேரும் அந்தச் சொல்லை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தோம். ரசத்தை மூன்று முறை வாங்கிக் குடித்தார்.

சாப்பாடு முடிந்ததும் நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். அவர் ஆராய்ச்சி செய்வதே தார்ச் சாலைகளைப் பற்றித்தான். அவர் தீவின் தார் ஏரியிலிருந்து வெட்டியெடுத்த கட்டிகள் கப்பலில் ஜெர்மனிக்கு வந்து சாலைகளில் கலக்கப்படுவதாகச் சொன்னார். "டிராம் நிறுத்தத்திலிருந்து உங்கள் வீடு வரை வந்தேனே, அந்த ரோட்டிலும் எங்கள் ஊர் கொஞ்சம் இருக்கலாம்" என்றார். இதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"அந்த ஏரிமேல் நடந்தால் எப்படி இருக்கும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான் அதை ஆய்வுக்கூடத்தில் டப்பாவில்தான் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் ஒரு தடவை பள்ளிக்கூட பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். வழியில் எனக்கு வாந்தி. பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை."

"சிவப்புப் பறவைகள்?"

"காலண்டரில் பார்த்திருக்கிறேன்."

"பவளப் பாறை?"

"அது டொபேகோவில், பக்கத்துத் தீவு. என் மாமா போயிருக்கிறார். கப்பலில் அவருக்கும் வாந்திதான்."

என் கணவர் சிரித்ததில் குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறிவிட்டது. எங்கள் புது நண்பர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. என்னைப் பார்த்துத் திருப்பிக் கேட்டார்: "நீங்கள் தாஜ்மஹாலுக்கு எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்?"

நான் நோட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள்" என்றார் அவர். "தார் ஏரியிலிருந்து ஆறு மைலில் ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சர். அவளும் ஒன்றும் பார்த்திருக்கமாட்டாள். ஆனால் டீச்சர் இல்லையா, கேட்டால் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவாள்." அன்றைக்கே எங்கள் மேசையில் உட்கார்ந்து அக்காவுக்குக் கடிதம் எழுதினார். அடியில் நானும் நாலு வரி எழுதினேன். இரண்டு சுருள் ஸ்லைடு ஃபிலிம் வாங்கி அதே வாரம் அனுப்பிவைத்தார்.

அந்த அக்காவின் முதல் பதில் மூன்று வாரத்தில் வந்தது. சீரான, சாய்ந்த கையெழுத்து. 'அன்புள்ள டீச்சர், உங்கள் ஜெர்மன்காரர்கள் பத்தாயிரம் மைல் தாண்டி வந்து பார்க்கப்போகும் இடத்துக்கு நான் ஒன்பது வயதுக்குப் பிறகு போனதில்லை. கடிதத்தைப் படித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. சனிக்கிழமை என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தலைமையாசிரியரிடம் கேமரா இருக்கிறது' என்று எழுதியிருந்தார். எத்தனை மைல் என்பதில் அவர் கணக்குத் தப்பு, ஆனால் அவர் எழுத்தைப் படித்த முதல் நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இரண்டாவது கடிதம் முழுவதும் தார் ஏரி. 'ஏரி என்றதும் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ போடத் தொடங்கிப் பாதியில் விட்ட மைதானம் மாதிரி இருக்கும். கிட்டே போனால் யானைத் தோல். மடிப்பு மடிப்பாக, சுருக்கம் சுருக்கமாக இருக்கும். மடிப்புகளுக்கு நடுவே மழைத் தண்ணீர் தேங்கி, அதில் சின்ன மீன்களும் அல்லிப் பூவும். நடந்தால் கால் அமுங்கி எழும்பும். ஒரே இடத்தில் நின்று பேசக்கூடாது. நான் நின்றேன். குதிகால் செருப்பு மாட்டியிருந்தேன், அது வேறு முட்டாள்தனம். வழிகாட்டி என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கினார், செருப்பு தாரிலேயே நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு இந்த வருடம் இதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை.'

மூன்றாவது கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஃபிலிம் சுருள்களோடு சேர்ந்து வந்தது. அவர் சிவப்புப் பறவைகள் அடையும் சதுப்பு நிலத்துக்கும் போயிருந்தார், கப்பலேறி டொபேகோவுக்கும் போயிருந்தார். 'எனக்கு வாந்தி வரவில்லை என்று தம்பியிடம் சொல்லவும்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. இதைப் படித்துக் காட்டியபோது நண்பர் முகத்தைச் சுளித்தார். அக்கா தனக்கு முன்னால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமையும் வந்திருந்தது.

ஃபிலிமைக் கழுவி எடுத்துப் பார்த்தபோது, பாதிப் படங்களில் பிள்ளைகளின் தலைகள்தான் இருந்தன. இருந்தாலும் முப்பது படம் தேறியது.

ஜனவரியில் இரண்டாவது கூட்டம். எனக்கு அப்போது ஆறு மாதம், பட்டுப்புடவை கட்டவில்லை. கம்பளிச் சட்டைக்குமேல் ஒரு பருத்திச் சேலை. நண்பர் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேதியியல் கேள்விகள் அவருக்கு, மற்றதெல்லாம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

படம் ஒவ்வொன்றாக விழுந்தது. மலைமேலிருந்து வளைந்து இறங்கும் சாலை, அதன் அடியில் தென்னைகள் சூழ்ந்த குடா. முந்நூறு அடி உயரத்திலிருந்து பாறையில் வழியும் அருவி. சுரபுன்னைக் காட்டுக்குள் நுழையும் படகு. வேர்கள் தண்ணீருக்குமேல் வளைந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பிச்சாவரம் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு தடவை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். இதை மட்டுமாவது சொந்த அனுபவத்தில் பேச முடிந்தது. கிளையில் சுருட்டி வைத்த சாக்கு மாதிரி ஒரு பாம்பு தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த படத்தில் மரங்கள் முழுக்கச் சிவப்பு. பூ என்று நினைத்தார்கள். "பறவைகள்" என்றேன். அரிவாள் மாதிரி வளைந்த மூக்குள்ள சிவப்புப் பறவைகள். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் கூட்டம் கூட்டமாக வந்து அடையும், படகில் யாரும் எழுந்து நிற்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று அக்கா எழுதியதைப் படித்தேன். பாடவும் கூடாதா என்று ஒருவர் கேட்டார். பாடவும் கூடாது.

தார் ஏரிப் படம் வந்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்தது. தலைவர் எழுந்து கேட்டார்: "எந்தச் செருப்பு?"

"தட்டையான அடியுள்ள, லேசான செருப்பு. கனமான பூட்ஸ் வேண்டாம் என்கிறார்கள்."

கூடத்தில் சலசலப்பு. பூட்ஸ் இல்லாமல் நடப்பது அவர்கள் வாழ்க்கையில் நடக்காத காரியம். நண்பர் எழுந்து தாரின் உருகுநிலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். யாரும் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

கடைசியாக டொபேகோ. கண்ணாடி அடித்தளப் படகு, அதன் வழியே கொஞ்சம் மங்கலாகத் தெரியும் கிளி நிற மீன்கள். அதையும் தாண்டி, கரையே எட்டாத நடுக்கடலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வெறுமனே கடலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதுவரை பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா நிமிர்ந்தார். "அது எவ்வளவு ஆழம்?"

கடிதத்தைப் பார்த்தேன். "இடுப்பளவு. அடியில் வெள்ளை மணல். கடல் நடுவில் ஒரு தொட்டி போல."

"இடுப்பளவுதானா? நிச்சயமா?"

"நிச்சயம். அக்காவே நின்று பார்த்திருக்கிறார்."

வீட்டுக்குத் திரும்பும்போது டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மெல்லச் சொன்னார். பயணத்தை ஏற்பாடு செய்ததெல்லாம் அவர்தான், ஆனால் போவதாகவே இல்லையாம். "எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணின்னாலே பயம். அவங்களை விமான நிலையத்துல ஏத்தி விட்டுட்டு, காய்ச்சல்னு சொல்லிடலாம்னு இருந்தேன். இடுப்பளவுன்னா போகலாம்."

தலைவர் என்னையும் கூட வரச் சொன்னார். நான் வயிற்றைக் காட்டினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, சங்கத்தில் மிக இளைய உறுப்பினராக அதையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

பிப்ரவரியில், தெருமுனையில் நின்ற பஸ்ஸில் இருபத்திரண்டு பேர் ஏறினார்கள். பனியில் நின்று கையசைத்தேன். ஒருவர் விடாமல் எல்லோருடைய காலிலும் பூட்ஸ், சிவப்புக் காலுறை.

மார்ச்சில் திரும்பி வந்தார்கள். கதவைத் திறந்து வீட்டுக்காரம்மாவைப் பார்த்தபோது எனக்கு ஒரு நொடி அடையாளமே தெரியவில்லை. முகமும் கையும் நன்றாகக் காய்ச்சிய பால்கோவா நிறம், மூக்கு மட்டும் உரிந்திருந்தது. பூட்ஸின் அடியில் கருகருவென்று தார் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டவேமாட்டேன் என்று வாசலிலேயே வைத்துவிட்டார். அவரே காப்பி போட்டுக்கொண்டுவந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தவர் இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை.

"அக்கா சொன்னதைக் கேட்டிருக்கணும். ஏரியில எங்க தலைவர் நின்னு தாவரங்களைப் பத்தி விளக்கம் சொன்னார். விளக்கம் முடியறப்ப கணுக்கால் வரைக்கும் உள்ளே போயிட்டார். நாலு பேர் இழுத்தோம். காலை பூட்ஸில இருந்து உருவி எடுத்தப்புறம்தான் ஆளே வெளியில வந்தார்."

"பூட்ஸ்?"

"அப்புறம் வழிகாட்டி தோண்டி எடுத்துக் குடுத்தார். அக்கா பக்கத்துல நின்னு என்ன சிரிப்புங்கறீங்க! நாங்க வர்றோம்னு தம்பி எழுதியிருந்தாராம், வகுப்புப் பிள்ளைங்களோட வந்திருந்தாங்க. எங்க இருபத்திரண்டு பேரையும் வரிசையா நிக்க வெச்சு எண்ணிட்டுத்தான் பஸ்ஸில ஏத்தினாங்க."

"பறவைகளைப் பார்த்தீங்களா?"

"நாங்க எங்கேயும் வாயை மூடிக்கிட்டு இருந்தது கிடையாது, உங்களுக்கே தெரியும். அன்னிக்குப் படகுல ஒரு மணி நேரம் யாரும் பேசலை. அதுங்க எல்லாம் வந்து இறங்கி முடிஞ்சு, படகு கரைக்குத் திரும்பினப்புறமும் பேசலை."

"கடல்ல நின்னீங்களா?"

"நின்னேனா? உட்கார்ந்தேன்! தொப்பியோட, கழுத்து வரைக்கும். வெந்நீர் மாதிரி இருந்துச்சு. எழுந்திரிக்கமாட்டேன்னுட்டேன். படகுக்காரர் மூணு தடவை கூப்பிட்டார்."

அடுத்த ஞாயிறு சங்கக் கூடத்தில் அவர்கள் எடுத்த ஸ்லைடுகளைப் போட்டார்கள். நண்பரும் எங்களோடு வந்தார். இந்த முறை எனக்குப் பேச்சில்லை. பிளம்ஸ் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாகப் பார்த்தேன். தார் ஏரியில் இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்ற படம் வந்தது. நடுவே, குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். கண்ணாடி போட்டிருந்தார், ஒல்லியாக, வாய் நிறையச் சிரிப்போடு. கடிதத்தில் மட்டும் அறிந்திருந்த அக்காவை நான் அப்போதுதான் முதல் தடவை நேரில் பார்ப்பது போலப் பார்த்தேன். அடுத்த ஸ்லைடுக்குப் போகக் கை நீண்டபோது நண்பர், "ஒரு நிமிடம்" என்றார்.

படம் திரையில் அப்படியே நின்றது. நண்பர் ஊரைவிட்டு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

"கண்ணாடி எப்போது போட்டாள்?" என்றார். "எழுதவே இல்லையே."

வீட்டுக்காரம்மா எழுந்து போய் அவர் தோளில் தட்டினார். "போர்டுல எழுதினதைத் தூரத்துல இருந்து கண்ணாடி இல்லாமப் படிக்க முடியலையாம். பள்ளிக்கூடத்துக்காகப் போட்டுக்கிட்டாங்களாம். உங்களுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினாங்க. நீங்க இன்னும் தார் ஏரியைப் பார்க்கலைன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டேன்னு சொல்லச் சொன்னாங்க."

நண்பர் சிரித்துவிட்டார். அந்த ஸ்லைடை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த வருடக் கடைசியில் ஊருக்குப் போகிறேன் என்று அன்று டிராமிலேயே முடிவு செய்தார்.

அவர் போய்விட்டுத் திரும்பியது மறு ஜனவரி. அதற்குள் எங்கள் மகள் பிறந்து, மேசைக் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். ஒரு சனிக்கிழமை மாலை சமையலறைச் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி அவருடைய படங்களைப் போட்டோம். வீட்டுக்காரம்மாவும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். தார் ஏரி, அருவி, பவளப் பாறை என்று அக்கா ஒன்றுவிடாமல் தம்பியைக் கூட்டிப்போயிருந்தார். எல்லாப் படங்களிலும் தம்பி வெளியூர்க்காரன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸில் வாந்தி எடுத்தீர்களா என்று என் கணவர் கேட்டதற்கு, தார் ஏரிக்கு சைக்கிளில் போனதாகச் சொன்னார்.

சதுப்பு நிலப் படம் வந்தது. "பறவைகள் வடக்கேயிருந்து வந்தன, படகுக்கு இடப்பக்கமாக" என்று அவர் ஆரம்பித்தார்.

"வலப்பக்கம்" என்றார் வீட்டுக்காரம்மா.

"இடப்பக்கம். நான் போன மாதம்தான் பார்த்தேன்."

"நான் இருபத்தோரு பேரோட பார்த்தேன். வலப்பக்கம்."

"அது என்னுடைய தீவு!"

"இருக்கட்டுமே. திசை திசைதான்."

வீட்டுக்காரம்மா ஜெர்மனில் சொல்ல, நண்பர் ஆங்கிலம் கலந்து சொல்ல, இருவரும் கையால் படகு ஓட்டிக் காட்டினார்கள். என் மகள் இதையெல்லாம் விளையாட்டென்று நினைத்துக் கைதட்டினாள். "ரெண்டு பேர் படகும் வேற வேற பக்கம் திரும்பி நின்னிருக்கும், அவ்வளவுதான்" என்று என் கணவர் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார், யார் காதிலும் விழவில்லை. கடைசியில் வீட்டுக்காரம்மா, "இருங்க, என் ஸ்லைடை எடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்து தடதடவென்று படியிறங்கிப் போனார். நான் எல்லோருக்கும் இன்னொரு சுற்றுக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.